கடற்கரையிலிருந்து ஆறு நிமிடம்

போன வாரம் எழுபத்தொரு வயதில் முதல்முறையாக விமானத்தில் ஏறினேன். மெட்ராஸில் தங்கை வீட்டுக் கல்யாணம். கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தில் ஏறி உட்கார்ந்து, கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு முடித்த நேரத்தில் விமானி ஒலிபெருக்கியில் பேசினார். நாம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த எண் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை சாய்ந்து மடி முழுவதும் நனைந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண் துண்டு எடுத்துக் கொடுத்தாள். என்ன அங்கிள், பயமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

"தொள்ளாயிரத்த நொடியால வகு. வேகம் வந்துரும்." ரயில்வேயில் என்னோடு சேர்ந்த நாளில் நீ சொன்னது அது. ரயில் பாதையோரம் கால் மைலுக்கு ஒரு கல் நட்டிருக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை நொடி என்று எண்ணி, தொள்ளாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது வந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னல் கேபினில் நெம்புகோல் இழுக்கும் உனக்கு அது தேவையே இல்லாத கணக்கு. ஆனாலும் அந்தப் பக்கம் போன ஒரு வண்டியையும் நீ விட்டதில்லை.

சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு பயணி விமானம் கோலாலம்பூர் வழியாகப் போய்வரும். இரண்டு அடுக்கு இறக்கை, எட்டுப் பேர் உட்காரலாம். வெள்ளைக்காரத் துரைமார்களும் சீனத் தவுக்கே முதலாளிகளும்தான் அதில் போவார்கள். அதையும் நீ எண்ணினாய். நூற்றி முப்பது மைல் என்றாய். நம் மெயில் வண்டி முக்கி முக்கிப் போகும் வேகத்துக்கு அது மூன்று மடங்கு. என்றைக்காவது நானும் நீயும் அதில் சிங்கப்பூர் போகிறோம் என்றாய். வேலை வெட்டி இல்லாத பேச்சு என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த முதல் வாரத்தில் உன் கைக்கடிகாரம் போயிற்று. ஒரு சிப்பாய் உன் மணிக்கட்டைப் பிடித்துக் கழற்றிக்கொண்டு போனான். அவன் முழங்கை வரை கடிகாரங்கள் கட்டியிருந்ததாகச் சொன்னாய். அதற்கப்புறம் கேபின் சுவரில் இருந்த ஊசல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாயாலேயே நொடி எண்ணப் பழகிக்கொண்டாய். அடுத்த மாதம் பாசார் கடைத்தெரு முனையில் கம்பத்தில் ஒரு தலையைச் செருகி வைத்திருந்தார்கள். யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நாம் இருவரும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனோம். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட வேண்டும். நீ மேலே போன ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டு குனியாமல் நின்றுவிட்டாய். துப்பாக்கிக் கட்டையால் உன் வாயில் இடித்தான். இரண்டு பல் கையோடு வந்தது. பிறகு ஒரு பாறாங்கல்லைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி உச்சி வெயிலில் நிறுத்தினான். கை இறங்கியபோதெல்லாம் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். எதிரே நின்றுகொண்டிருந்த நான் ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் வீட்டில் உன் மனைவி பார்வதி உன் வாயைக் கழுவிவிட்டபோது நீ என்னிடம் சொன்னது, அந்த விமானம் முன்னூறுக்குக் குறையாது என்பதுதான்.

மூன்று வருடம் கிழங்கைத் தின்று, கோணிச்சாக்கை உடுத்திக்கொண்டு ஓட்டினோம். நான் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். நீ பிரிக்ஃபீல்ட்ஸில். பட்டறை வாசலில், வேகன்களைத் தடம் மாற்றிவிடுபவர்களின் ஷண்டிங் குடிசையில் ஒரு போன் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உன் கேபினில் மணி அடிக்கும்.

நாற்பத்தைந்தாம் வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, எங்களைப் பட்டறைக்குள் விடும் முன்னே, மிக உயரத்தில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரே ஒரு விமானம் வந்தது. ஜப்பான்காரனுடையது இல்லை என்று சிப்பாய்கள் ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்தது. நான் குடிசைக்குப் போய்ப் போனைச் சுற்றினேன். அது என் உச்சந்தலைக்கு நேரே வந்ததும் "இப்ப" என்றேன். நீ அங்கே எண்ணினாய். உன் தலைக்குமேல் வந்தபோது ஐம்பத்தாறு நொடி. நமக்கிடையே மூன்றரை மைல். கால் மைலுக்கு நாலு நொடி.

"இருநூத்தி இருபத்தஞ்சுடா," என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த விமானம் எதற்காக வந்தது என்று நாம் இருவரும் யோசிக்கவில்லை. குண்டு போட வேண்டிய இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போக வெள்ளைக்காரன் அனுப்பியிருக்கிறான்.

சில நாள் கழித்து, முற்பகல் பத்தரை மணி சுமாருக்கு அவை கூட்டமாக வந்தன. சைரன் ஊதத் தொடங்கியதும் முதல் குண்டு விழுந்ததும் ஒன்றாக நடந்தன. வேலை நேரத்தில் பட்டறைக் கதவுகளை வெளியே பூட்டிவைப்பது அவர்கள் வழக்கம். ஆட்கள் கதவில் போய் மோதினார்கள். ஒருவன்மேல் ஒருவன் ஏறி மதிலைத் தாண்டப் பார்த்தவர்களைக் காவலாளி சுட்டான். அப்புறம் அந்தக் காவலாளியும் இல்லை, கதவும் இல்லை. நான் சக்கரம் கழற்றும் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தேன். கூரைத் தகடுகள் பிய்ந்து, சீட்டுக்கட்டை விசிறியது மாதிரி பறந்தன. என்னோடு ஒரே பெஞ்சில் வேலை செய்தவன் பள்ளத்தை நோக்கி ஓடிவந்தான். ஒரு தகடு வந்தது. அவன் உடம்பு மட்டும் இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு என்மேல் விழுந்தது. சத்தம் நிற்கும்வரை அவன் ரத்தத்துக்கு அடியில் படுத்திருந்தேன்.

மதியத்துக்குமேல் நீ தண்டவாளத்தோடு நடந்தே வந்தாய். கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் புரட்டி முகம் பார்த்துக்கொண்டு வந்தாய். கடைசியில் மதிலோரம் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டாய். கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, சைரன் எப்போது அடித்தான் என்பது. நான் எழுந்து உன் கன்னத்தில் அறைந்தேன். என் வாழ்க்கையில் உன்னை அடித்தது அதுதான் முதல் தடவை. நீ அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஆறு நிமிஷம்டா," என்றாய். "கடக்கரைலேருந்து இங்க வர அதுக்கு ஆறு நிமிஷம் ஆவுது. கதவு தொறந்திருந்தா எல்லாரும் ஆத்தங்கரைக்கே போயிருக்கலாம்."

கரையிலிருந்து பட்டறைக்கு நேர்கோட்டில் இருபத்து மூன்று மைல். இருநூற்று இருபத்தைந்து மைல் வேகத்தில் வந்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்றே மேல். சந்தோஷத்துக்காக எண்ணிய எண்ணை அன்று நீ பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தாய்.

அந்த விமானங்கள் மறுபடி வரும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. பாதிப் பட்டறை அப்படியே நின்றது. ஜப்பான்காரன் மறுநாளே மிச்சம் இருந்தவர்களை உள்ளே தள்ளிப் புதுக் கதவு போட்டுப் பூட்டினான். கடற்கரையில் இருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் ஸ்டேஷனில் நம்மோடு வேலைக்குச் சேர்ந்த சின்னப்பன் இருந்தான். பக்கத்துப் பண்டமாரானில் வீடு. கடல் பக்கம் விமானம் தெரிந்தால் அவன் உன்னைப் போனில் கூப்பிட்டு, காலி வேகன் கிளம்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். நீ குடிசை போனை விடாமல் அடிக்க வேண்டும். குடிசை மணி என் பெஞ்சுக்குக் கேட்கும். வேகன்கள் உள்ளே வரும் பின்கதவின் கீல் ஆணிகளை நான் அராவி, கையால் உருவும்படி வைத்திருக்க வேண்டும். என் ஆட்களிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: நான் சுத்தியலைக் கீழே போட்டால் பின்கதவுக்கு ஓடுங்கள்.

இதையெல்லாம் உன் வீட்டுக் கிணற்றடியில் பேசினோம். பார்வதி உள்ளே இருந்தாள், ஆறு மாதம். பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன்.

"ரெண்டு நாள் தாங்கு," என்றாய். "ரெண்டு நாள்ல சின்னப்பன எங்கயாச்சும் காட்டுப் பக்கம் அனுப்பிடலாம். அப்புறம் எம்பேர சொல்லிடு."

"நீ?"

"நான் எங்க போறது? நான் ஓடினா அவளப் புடிப்பான்."

மூன்று வாரம் கழித்து அதே மாதிரி ஒரு முற்பகலில் குடிசை மணி அடித்தது. விட்டுவிட்டு இல்லை, ஒரே அடியாக. சுத்தியலைப் போட்டேன். கீல் ஆணிகளை உருவி, நாலு பேராகக் கதவைத் தூக்கிச் சாய்த்தோம். இருநூறு பேருக்குமேல் அந்த வழியாகப் போனார்கள். காவலாளி ஒருவன் குறுக்கே நின்று சுட்டான். முன்னால் ஓடிய இருவர் விழுந்தார்கள், பின்னால் வந்தவர்கள் அவனையும் சேர்த்து மிதித்துக்கொண்டு போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டபோதுதான் சைரன் கேட்டது. அப்புறம் தரை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தபோது பட்டறை இருந்த இடத்தில் புகை மட்டும் நின்றது. பக்கத்தில் கிடந்த கிழவர் ஒருவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை ஒரு சார்ஜெண்ட் அந்தப் பின்கதவைப் பார்வையிட்டான். அராவிய ஆணி, அதில் புதிய கிரீஸ். ஃபிட்டர்கள் ஏழு பேரை வரிசையாக மண்டிபோட வைத்து, ஒரு தண்டவாளத் துண்டின்மேல் கையை வைக்கச் சொன்னான். முதல் ஆளின் கையைச் சுத்தியலால் நசுக்கினான். யார் என்று கேட்டான். இரண்டாம் ஆளின் கையையும் நசுக்கினான். மூன்றாவது ஆளுக்குப் போகும்போதுதான் நான் வாயைத் திறந்து, நான்தான் என்றேன். முதல் கையிலேயே திறந்திருக்க வேண்டும். அந்த இருவரும் அப்புறம் கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் வாழ்ந்தார்கள்.

ராணுவப் போலீஸ் என்னை ஒரு பங்களாவுக்குக் கொண்டுபோனது. ஏணியில் மல்லாக்கக் கட்டி, வாயில் துணியைத் திணித்து, வயிறு பானையாகும்வரை தண்ணீர் ஊற்றினார்கள். வயிற்றின்மேல் பலகையை வைத்து இருவர் ஏறி நின்றார்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தமும் தண்ணீரும் வந்தன. மறுபடி ஊற்றினார்கள். சைரனுக்கு முன்னால் எப்படித் தெரிந்தது, யார் சொன்னது. அவ்வளவுதான் கேள்வி. இரண்டு நாள் தாங்கு என்று நீ கேட்டிருந்தாய். நான் அன்று மதியம்வரைகூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை பலகையை எடுத்தபோது உன் பெயரைச் சொன்னேன். கேபினையும் சொன்னேன். கேட்காமலே உன் வீட்டு அடையாளத்தையும் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் உன்னைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து அறை. நாலு நாள் உன் சத்தத்தை மட்டும் கேட்டேன். கரையிலிருந்து யார் சொன்னது என்று மொழிபெயர்ப்பவன் ஒவ்வொரு முறையும் கேட்பான். நீ ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னாய்.

"யாரும் சொல்லல. எனக்குக் காது இருக்கு."

நாலாவது நாள் என்னை உன் அறைக்கு இழுத்துப்போனார்கள். உன்னைக் கைகளால் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நகங்கள் இல்லை. ஒரு கண் மூடிப் பழம்போல் வீங்கியிருந்தது. இன்னொன்றால் என்னைப் பார்த்தாய். மொழிபெயர்ப்பவன் என் பக்கம் திரும்பும் முன்னே நீ பேசிவிட்டாய். இவன் வெறும் ஃபிட்டர், நான் சொன்னதைச் செய்தான், இதற்குமேல் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்றாய். கரையில் யார் என்று என்னிடம் கேட்டிருந்தால் நான் சின்னப்பனையும் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருந்தது.

என் கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்தார்கள். உன்னை அடிக்கச் சொன்னார்கள். நான் மெதுவாக ஓங்கினேன். என் முதுகில் பூட்ஸ் விழுந்தது.

"நல்லா அடி," என்றாய், முனகலாக. "இல்லன்னா உன்ன கொன்னுருவான்."

நல்லா அடித்தேன். எத்தனை என்று நான் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் உன்னை ஒரு லோரியில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோனதை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில் என்னை விட்டார்கள். ஆகஸ்டில் ஜப்பான்காரன் சரணடைந்ததும் பார்வதியும் நானும் சிறை வாசலுக்குப் போனோம். அவள் இடுப்பில் இரண்டு மாதப் பெண் குழந்தை. வெளியே வந்தவர்கள் நடக்கும் எலும்புகளாக இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டோம். ஒரு சீனர் உன்னைத் தெரியும் என்றார். வயிற்றுப்போக்கில் உன் உயிர் போனது என்றும், இன்னும் பலரோடு ஒரே குழியில் போட்டார்கள் என்றும், எந்தக் குழி என்று யாருக்கும் தெரியாது என்றும் மலாயில் சொன்னார். பார்வதி அழவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாலையோரம் போய் வாந்தியெடுத்தாள்.

உன்னை யார் காட்டிக்கொடுத்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. யாரோ என்றுதான் பேச்சு இருந்தது. ஊர் என்னை வேறு மாதிரி நடத்தியது. செந்தூலில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். கதவைத் திறந்தவர் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஒரு வருடம் அதைச் சாப்பிட்டேன். பிறகு தொண்டையில் இறங்கவில்லை. கிள்ளானில் அவள் தாய் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூங்கில் தடியையும் விடவில்லை.

பார்வதி முறத்தை இறக்கிவைத்தாள்.

"தெரியும்," என்றாள். "உன்னப் புடிச்சிட்டாங்கன்னு காலையிலயே சேதி வந்துருச்சு. எங்கம்மா வீட்டுக்கு ஓடிரலாம்னு கால்ல விழுந்தேன். நான் அங்க இல்லன்னா அவன அடிச்சே கொன்னுருவாங்கன்னு சொல்லிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போனாரு."

நான் திண்டாடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னித்துவிடு என்றுதான் இருக்கும்.

"அத எங்கிட்ட கேக்காத," என்றாள். "எரநூறு பேரு உசுரோட இருக்காங்க. இவரு இல்ல. ரெண்டையும் நீயே தூக்கிட்டுத் திரி."

கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் சாகும்வரை உன் மகள் விஷயமாக எதுவானாலும் எனக்கு ஆள் அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நான்தான், தாலி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. அது சரி என்றே எனக்குப் பட்டது.

அவளிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடமும் சொல்லத் தொடங்கினேன். யாராவது கதவைப் பற்றிப் பேச்செடுத்தால், நேரம் சொன்னவன் நீ என்பேன். அந்த மூச்சிலேயே, உன் பெயரைச் சொன்னவன் நான் என்பேன். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் என் காலைப் பிடித்து அழுத கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார். முதல் பந்திக்கு யாரும் கூப்பிடுவது நின்றது.

சின்னப்பனுக்கு மட்டும் சொல்ல வெகுநாள் தயங்கினேன். அவனே ஒருநாள் கேட்டான். நாம் பிடிபட்ட சேதி கேட்டதும் அவனால் ஓட முடியவில்லை. ஸ்டேஷன் எல்லாம் காவல். பண்டமாரான் வீட்டில் ஒரு துணி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளைக் கோயிலில் விட்டுவிட்டு, ஒன்பது நாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறான். ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினான். ஒருவரும் அவனைத் தேடவேயில்லை. ஏன்லா வரல, என்று என்னிடம் கேட்டான். நீ நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரே வாக்கியத்தை அவனிடம் சொன்னேன். அவன் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அவன் நன்றாக வாழ்ந்தான். ஏழு பிள்ளைகள், பேரன் பேத்திகள். மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்தக் கட்டிலில், மகன் மடியில் தலைவைத்துச் செத்தான். பாடை தூக்கும்போது இளவட்டங்கள் என்னை விலக்கினார்கள், உங்களால் முடியாது தாத்தா என்று. கேட்கவில்லை. முன்பக்கம் இடது தோள். வெயில் கொளுத்தியது, மூங்கில் தோளில் பதிந்து எரிந்தது. பாதி வழியில் ஆள் மாற்றலாம் என்றார்கள். நான் மாற்றவில்லை. உன்னைத் தூக்க எங்களுக்குக் கொடுக்கவில்லை. சுடுகாடுவரை அந்த ஒரு பாடையில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இறக்கி வைக்கும் இடத்தில் ஒருவனைத்தான் இறக்க முடிந்தது.